அணிந்துரை வரைக்கும் படித்தவன்

நாவலில் நல்லபடியாக உயிரோடு இருந்த ஒரு பெண்ணை நான் பாட்காஸ்டில் சாகடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. புத்தகத்தைப் படிக்காததால் வந்த வினை.

நம் நாட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் வெளிவந்தால், கதை தொடங்குவதற்கு முன் இருபது முப்பது பக்கத்துக்கு வரவேற்பு நடக்கும். வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை. பேராசிரியர் ஒருவர், சங்கத் தலைவர் ஒருவர், பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்று வரிசையாக நின்று கைகுலுக்குவார்கள். கதைச் சுருக்கம், நாயகியின் குணம், நடையின் சிறப்பு, எடுத்துச் சொல்லத் தோதான இரண்டு வரி எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். பந்தல் வாசலிலேயே இலை போட்டால் மண்டபத்துக்குள் யார் போவார்கள்? நான் போகவில்லை. புத்தகங்களைப் பற்றிய எங்கள் பாட்காஸ்டில் பதினான்கு பகுதிகளை அணிந்துரைகளை வைத்தே ஓட்டினேன்.

எங்கள் என்றால் நானும் பாயும். பாய் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் ஸ்டோர் கிளார்க். மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில், கல்லா மேஜையில் அவர் கவிழ்த்து வைத்திருந்த நாவலைப் பார்த்து, "அட, நானும் படிப்பேன் பாய்" என்று சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

பாய் படிப்பவர். கல்லாவில் காசு கொடுக்க வரும் ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் அரைப் பக்கம் என்று படிப்பார். ஒரு நாவல் முடிய இரண்டு மாதம் ஆகும். பேசும்போதும் அதே வேகம்தான். ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தி, அதை வாயில் வைத்துக்கொண்டே யோசிப்பார். அந்த இடைவெளியில் நான் புகுந்து, "இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால்" என்று பேராசிரியரின் அணிந்துரையை அவிழ்த்துவிடுவேன். கேட்பவர்களுக்கு நான்தான் அறிஞர். "அண்ணன் ரொம்ப ஆழமா பேசறார்" என்று ஒருவர் எழுதிக்கூட அனுப்பினார். எந்த ஆழம்? இருபத்திரண்டாம் பக்கத்தோடு தரை தட்டிவிடும் ஆழம்.

பதினான்காம் பகுதியில் ஒரு தோட்டத்து நாவல். அதற்கு ஐந்து அணிந்துரைகள். நான்காவதில், நாயகி இறுதியில் உயிர் நீக்கும் காட்சி கல் நெஞ்சையும் கரைக்கும் என்று இருந்தது. நான் மைக்கில் கரைந்தேன். குரலைத் தாழ்த்தி, "அந்த மரணம் நம்மைத் தூங்க விடாது" என்றேன். எதிரே பாய் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். நெகிழ்ந்துபோய்விட்டார் போல என்று நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு என் மேல் நம்பிக்கை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்ணின் குரல் செய்தி வந்தது. பாட்காஸ்டுக்கான கைப்பேசி பாயிடம்தான் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு பேரும் கேட்டோம்.

"அண்ணே, நான் கமுந்திங்லேர்ந்து பேசறேன். ஃபேக்டரி பஸ்ஸுல உங்க பேச்சக் கேட்டுட்டு அந்தப் புத்தகத்த வாங்கிட்டேன். அந்தப் பொண்ணு செத்துருவான்னு சொன்னீங்களா, ஒவ்வொரு பக்கமும் பயந்து பயந்து திருப்புனேன். காய்ச்சல் வந்தா இதாலதான்னு நெனச்சேன். ஆத்துல எறங்குனா இதுலதான்னு நெனச்சேன். புத்தகமே முடிஞ்சு போச்சுண்ணே, அவ சாகவே இல்ல. கடைசியில மார்க்கெட்ல கீரை விக்கிறா. என் புத்தகத்துல ஏதும் பக்கம் கொறையுதாண்ணே?"

என்னைச் சந்தேகப்படவில்லை. தன் புத்தகத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது என்று ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

"அச்சுக் கோளாறா இருக்கும் பாய்" என்றேன்.

பாய் எழுந்துபோய்த் தன் பிரதியை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என் புத்தகத்துலயும் கீரைதான் விக்கிறா, மச்சான்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த நான்காவது அணிந்துரைக்காரரும் என்னைப் போல மண்டபத்துக்குள் போகாதவர்தான் போலிருக்கிறது.

"மத்த பதிமூணு?" என்று கேட்டார்.

மின்விசிறிக்கு மூன்று இறக்கை.

"அப்ப பதினாலு தடவயும் நான் தனியாத்தான் பேசிட்டு இருந்திருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன். ஏதோ கணக்கு இப்போதுதான் புரிந்தவர் மாதிரி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கமுந்திங் அக்காவுக்குப் பதில் பேசி அனுப்பினார். "உங்க புத்தகம் சரியாத்தான் இருக்கு, அக்கா. எங்க ஆளுதான் கொஞ்சம் கொறை."

பாட்காஸ்ட் அதோடு நின்றது.

மூன்று வருடம். பாய் ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. போய் உட்கார்ந்தால் கேட்காமலேயே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரும். மழையைப் பற்றிப் பேசுவார், வெங்காய விலையைப் பற்றிப் பேசுவார், குனோங் ராபாட்டில் என் வீட்டுப் பக்கம் சாலை தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றி விசாரிப்பார். படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார். என்னைக் கண்டால் அதை மூடி ஓரமாக வைத்துவிடுவார். அவருக்கு அங்கே புத்தகம் பேச வேறு ஆளும் கிடையாது. வருகிறவர்கள் மீன் தலை இருக்கிறதா என்று கேட்பவர்கள். அவர் படித்ததெல்லாம் அவருக்குள்ளேயே தேங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

அதனால் மறுபடியும் தொடங்குவது என்று முடிவு செய்தேன். பதறினால் நான் திட்டம் போடுவேன். புதுப் பெயருக்குப் பதினொரு யோசனை, மூன்று விதமான சின்னம், தொடக்க இசை, முடிவு இசை, விருந்தினர் பட்டியல், எந்தக் கிழமை வெளியிட்டால் அதிகம் கேட்பார்கள் என்று ஓர் அட்டவணை. எல்லாவற்றையும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மத்தியானக் கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து பாயின் முன்னால் வைத்தேன்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இதுவும் அணிந்துரை மாதிரியே இருக்குலா" என்றார்.

"நீங்க வேணும் பாய். நீங்க இல்லாம பண்ண முடியாது."

"ஏன், நீதான் நல்லா பேசுவியே."

வாதாடாமல் தாள்களைத் திரும்ப உறைக்குள் போட்டேன். அது எனக்கு அபூர்வம் என்பதால் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல்ல அந்தப் பொண்ண உசுரோட எழுப்பு. பொறவு பாப்போம்."

அவருடைய அதே பிரதியை எடுத்து வந்தார். முதல் முப்பது பக்கங்களை ஒன்றாகப் பிடித்து, சோறு கட்டும் பழுப்புத் தாளைச் சுற்றி, ஸ்டேப்ளரால் நான்கு அடி அடித்து, ரப்பர் வளையம் போட்டார். நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் போலவே இருந்தது.

"பொட்டலமா புங்குஸ் பண்ணிட்டேன். இதப் பிரிக்காம மிச்சத்தப் படி. ரெண்டு வாரம்."

முதல் நான்கு நாளில் ஒன்பது பக்கம் படித்தேன். அதில் இரண்டு பக்கம் தூக்கத்தில். வரவேற்பறையில் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனை மனைவி தட்டி எழுப்பினாள். "அந்தப் பொட்டலத்துல கோழி இருக்குங்களா?" என்று கேட்டாள். அதே பக்கத்தைத் திரும்பவும் ஆரம்பித்தேன். "அந்தப் பக்கம் இந்நேரம் மனப்பாடமே ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாற்பத்தைந்தாம் பக்கத்தில்தான் ஒன்று நடந்தது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆட்களெல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். பெயர் கூப்பிட வந்த கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்கரின், ஒற்றைச் செருப்பை அந்தப் பெண் ஒளித்து வைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து குனிந்து குனிந்து தேடுகிறாள். "நேத்து ரெண்டு இருந்துச்சுங்களா ஐயா?" என்று வேறு கேட்கிறாள். நான் கடை ஸ்டோரில் பிரேக் கட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாயில் இருந்த சோறு தெறிக்கச் சிரித்தேன். ஐந்து பெரியவர்கள் ஐந்து அணிந்துரை எழுதியிருந்தார்கள். கண்ணீர், துயரம், சோகம் என்று நிரப்பியிருந்தார்கள். இந்தப் புத்தகம் சிரிக்க வைக்கும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்தான். இப்போது அங்கே செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. எங்கள் தோட்டத்திலும் கிராணியைப் பார்த்துப் பயந்த அளவுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்தார்கள். அதைப் பதினான்காம் பகுதியில் நான் சொல்லியிருக்கலாம். மண்டபத்துக்குள் போயிருந்தால்.

அதற்குப் பிறகு தூங்கவில்லை. ஆனால் என் வேகம் என் வேகம்தான். பதின்மூன்றாம் நாள் நூற்று நாற்பதாம் பக்கத்தில் நின்றேன். இருநூற்று அறுபது பக்கப் புத்தகம். மறுநாள் மூன்று மணிக்குப் பதிவு.

பழைய பயம் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. உடம்பு சரியில்லை என்று கிளினிக்கில் எம்.சி. எடுக்கலாமா என்று யோசித்தேன். பாட்காஸ்டுக்கு எம்.சி. தருவார்களா? வீட்டு வாசலில் உட்கார்ந்து பொட்டலத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு ஸ்டேப்ளர் கம்பி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான்தான் நகத்தால் தூக்கியிருக்க வேண்டும். முடிவு எனக்குத் தெரியும், கீரை விற்கிறாள். பெரட்டில் நிற்கும் பெண்ணுக்குக் கீரைக் கட்டு எப்படிக் கைக்கு வந்தது என்பதுதான் தெரியாது. அதை நாலு வார்த்தையில் மழுப்பிவிட்டால் பாய்க்குத் தெரியாமல் போகலாம். இதை நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கம்பியை அழுத்திவிட்டு உள்ளே போனேன்.

பதிவு செய்யும் இடம் கடைக்கு மேலே உள்ள சாமான் அறை. அரிசி மூட்டைகள் இரண்டு பக்கமும் அடுக்கியிருப்பதால் எதிரொலி வராது. பாய் ஒரு மூட்டையில், நான் ஒரு மூட்டையில், நடுவில் எண்ணெய் டின்மேல் மைக். சிவப்பு விளக்கு எரிந்தது. பாய் வணக்கம் சொன்னார், புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி சொன்னார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லு மச்சான்."

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம், "இந்த நாவலின் இரண்டாம் பாதியில்" என்று தொடங்கும். வாயைத் திறந்தேன். எதிரே அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினான்கு தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"நூத்தி நாப்பது வரைக்கும்தான் படிச்சிருக்கேன், பாய்."

"உண்மையாவா?"

"உண்மையா."

"ஒவ்வொரு பக்கமுமா?"

"ரெண்டு பக்கம் தூக்கத்துல போச்சு. திரும்பப் படிச்சிட்டேன்."

பாய் மைக்கை அணைக்கவில்லை. அதை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"செருப்பு?" என்றார்.

அவ்வளவுதான். நான் சிரித்த சிரிப்பில் எண்ணெய் டின் ஆடியது. நேத்து ரெண்டு இருந்துச்சுங்களா என்று நான் ஆரம்பிக்க, ஐயா என்று அவர் முடிக்க, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து எழுந்து அரை மணி நேரம் அந்த ஒற்றைச் செருப்பிலேயே போனது. நடுவில் கமுந்திங் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அணிந்துரை விஷயத்தையும் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது. ஒரு கட்டத்தில் பாய், "அதுக்கப்புறம் அவ பசாருக்குப் போறப்ப..." என்று தொடங்கிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இல்ல, இல்ல. நூத்தி நாப்பதுக்கு மேல நான் பேச மாட்டேன். கேக்கறவங்க மன்னிக்கணும், எங்க ஆளு வந்துட்டு இருக்கார்."

ஒலிப்பதிவை நிறுத்தினார். கீழே இருந்து சமையல்காரர் கூப்பிட்டார், தேநீர்க் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது என்று. "வாரேன்லா!" என்று கத்தினார். ஆனால் மூட்டையை விட்டு எழவில்லை.

"படி" என்றார்.

"இப்பவா?"

"அஞ்சு பக்கம். நான் உக்காந்திருக்கேன்."

நூற்று நாற்பத்தொன்றைத் திருப்பினேன். அவர் மாடிப்படியைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த எடம்?" என்றார் உடனே. "எந்த வரி? சொல்லுலா."