வடிவம்மாளின் பூட்ஸ்

வடிவம்மாளுக்கு எழுபத்தொன்பது வயது. பதினெட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ள இறங்கி, அறுபதில் ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பின் மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தார். இப்போதும், ஓய்வு பெற்றதையே மறந்து, விடிந்ததும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார்; கங்காணி பெயர் கூப்பிடும் இடம் அது. கடைசி மகள் சசிரேகா கம்போங் ராஜா டவுனில் வேலைக்குப் போவதால், பராமரிப்புப் பயிற்சி முடித்த என்னைத் துணைக்கு வைத்தாள். எனக்கு வயது அறுபத்தெட்டு.

மழையில் தேயிலைச் சரிவு வழுக்கும். அட்டைக்குப் பயந்து பூட்ஸ் இல்லாமல் அவர் வாசலைத் தாண்டமாட்டார். அதனால் பூட்ஸை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்தேன். கேட்டபோது, "நீங்கதான் எங்கயோ வச்சிட்டீங்கக்கா" என்றேன்.

இரண்டு வாரம் தினமும் அதையே சொன்னேன். அவர் கட்டிலடியில் தேடித் தேடி அழுவதைப் பார்த்த சசிரேகா, மறதி முற்றிவிட்டதென்று எண்ணி, ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். மனநிலையைப் பற்றியது, பேர்போனது என்றாள் சசிரேகா. நான் பார்த்ததில்லை. அதில் ஒரு வாத்தியாரின் கண்ணாடியை மகள் ஒளித்துவைத்துவிட்டு, மறந்துவிட்டீர்கள் என்று கனிவாகச் சொல்கிறாள். கடைசியில் அவர் தன் பெயரையே பக்கத்து வீட்டில் கேட்டுச் சரிபார்க்கிறார்.

வடிவம்மாள் முறுக்கைக் கீழே வைத்தார். "அவதான் எடுத்து வச்சிருக்கா. எவ்ளோ அன்பா பேசுறா பாரு லா."

"அம்மா போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்று சசிரேகா சிரித்தாள்.

வடிவம்மாள் தலையை ஆட்டினார். "அந்த வாத்தியாருக்கு மக எடுத்து வச்சா. எனக்கு நெசமாவே மறந்துபோச்சு."

நான் எழுந்துபோய்ப் பூட்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எங்க இருந்துச்சு, ஆன்ட்டி?" என்றாள் சசிரேகா.

"நான்தான் ஒளிச்சேன். அம்மா தொலைக்கல."

வடிவம்மாள் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினார். "ரெண்டு வாரமா?"

"ஆமாக்கா. விழுந்துருவீங்கன்னு..."

"கதவப் பூட்டியிருக்கலாமே. பூட்டியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பயிற்சி பெற்றவள் நான். அது எனக்குத் தோன்றவே இல்லை. சசிரேகா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஈப்போவுக்குத்தான், அம்மா எங்கும் வரவில்லை என்று சொல்வது கேட்டது.

மறுநாள் காலை நான் போனபோது அவர் பூட்ஸோடு வாசலில் நின்றார்.

"அக்கா, நீங்க ஓய்வு வாங்கி பத்தொன்பது வருசமாச்சு. பெரட்டு இல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்து, "நெசமா?" என்றார்.

சசிரேகா தலையாட்டினாள். பிறகுதான் பூட்ஸைக் கழற்றினார்.