அப்பாவுக்கு ஒரு கிண்ணம்

ஒரகடத்தில் ஜப்பானியர்கள் வந்து சாப்பிடும் ஓட்டலில் நான் பரிமாறுகிறேன். சாக்கே என்ற அரிசி மதுவை, ஜாடியோடு வெந்நீரில் நிறுத்தி இளஞ்சூடாக்கித் தர வேண்டும். அன்று அதிகமாகச் சூடாக்கிவிட்டேன்.

"இன்னாபா, வாசனையே பூட்ச்சு," என்றார் சமையல்காரர்.

"இன்னைக்கு எங்க அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்ணே. லீவு கெடைக்கல," என்றேன். துக்கம்கூடத் தெரியவில்லை; மரத்துப் போயிருந்தேன்.

கவுண்டரில் தினமும் தனியாக உட்காரும் ஜப்பானிய எஞ்சினியருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். பக்கத்து நாற்காலியின் முன் ஒரு காலிக் கிண்ணத்தை வைத்தார்.

"அப்பாவுக்கு. எந்தச் சாக்கே, எதோட? நீ சொல்லு."

அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் சரக்கு உள்ளே இறங்காது. இருப்பதிலேயே இனிப்புக் குறைந்த சாக்கேயை எடுத்து, ஜாடியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சூடாக்கினேன். உப்பிட்டுச் சுட்ட மீனைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊற்றினேன். அவர் தன் கிண்ணத்தை லேசாக உயர்த்தினார். இறந்தவருக்கான கிண்ணத்தோடு மோதக் கூடாதாம்.

ஊரில் அந்நேரம் அண்ணன் படையலில் குவார்ட்டர் வைத்திருப்பான். அப்பா எனக்குத் தெரியாதென்று நினைத்தே கடைசிவரை குடித்தார். நான் அவருக்கு ஊற்றியது அந்த ஒரு தடவைதான். வாடிக்கையாளருக்கு ஊற்றுவது போலவே ஊற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.