அம்மனிடம் மாற்றிக் கேட்ட வேண்டுதல்

எழுத்து எனக்கு ஓட்டமாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். நினைவும் முன்னே பின்னே போகிறது. பொறுத்துப் படிக்க வேண்டும்.

என் மகள் சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். கை நடுக்க நோயில் மூளைக்குள் செத்துப்போகிற நரம்புகளுக்குப் பதிலாகப் புதிது வளர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதை ஸ்டெம் செல்லிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கிறார்கள். எந்த வேலைக்குப் போவதென்று இன்னும் முடிவு பண்ணாத பிள்ளை மாதிரியாம் அது. தோலாகவும் ஆகும், எலும்பாகவும் ஆகும், நரம்பாகவும் ஆகும்.

மழைக்கு முன்னால் ஒருநாள் போனில், "இந்தத் தடவையும் சரியா வரலேன்னா எங்க ஆராய்ச்சிக்கூடப் பெரியவர் இந்த வேலையை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடுவாரும்மா" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவளிடம் சொல்லாமல், பர்மாவில் நான் இருக்கும் பபேடானிலிருந்து ரயில் பிடித்து இன்சீன் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொள்வது எங்களவர்கள் வழக்கம். வேண்டுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "தாயே, என் மக கிண்ணத்திலே வளக்குறதெல்லாம் பல்கிப் பெருகணும்" என்றேன். கல்யாணத்திலும் புதுக்கடையிலும் அப்படித்தானே வாழ்த்துகிறோம்?

சில வாரம் கழித்து மகள் கூப்பிட்டாள். மனம் கலங்கினால் அவளுக்குப் பாதி பர்மாப் பேச்சு கலந்துவிடும். அன்று அப்படித்தான் பேசினாள். "பெருகிக்கிட்டே போகுதும்மா. கிண்ணம் கொள்ளலே. நரம்பா மாறவே மாட்டேங்குது."

"பெருகினா நல்லதுதானே?"

"இல்லேம்மா. பெருகுறதை நிறுத்தினாத்தான் நரம்பாகும். நிக்காமப் பெருகுறதை மூளையிலே வச்சா கட்டியாயிடும்."

வேண்டுதலைச் சொன்னேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன் அம்மனுக்கு ரொம்ப வேகம்மா! சீக்கிரம் போய் மாத்திச் சொல்லு. நான் இங்கே செல்லுக்கு ஊத்துற மருந்து அளவை மாத்திப் பாக்குறேன்."

மறுநாளே போனேன். பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னாம்மா, குடுத்த வரத்தைத் திருப்பிக் குடுக்கவா வந்தீங்க?" என்றார்.

"திருப்பலே சாமி. போதும்னு சொல்ல வந்தேன்."

"அதைச் சொல்ல இங்கே ஒருத்தரும் வர்றதில்லே. சொல்லுங்க, சொல்லுங்க. ஆத்தாளும் கேக்கட்டும்."

பழைய முடிச்சு எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. புதிதாக ஒன்று போட்டேன். "பெருகினது போதும் தாயே, இனி நரம்பா நிக்கட்டும்" என்றேன்.

மழை பிடித்த பிறகு மகள் என் போனுக்கு வீடியோ படம் அனுப்பினாள். கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் வேர்போல நூல் ஓடி அடுத்ததைத் தொடுகிறது. அங்கங்கே மினுக் மினுக்கென்று வெளிச்சம் வந்து போகிறது. "ஒண்ணோட ஒண்ணு பேசுதும்மா" என்றாள்.

வேலை அவளிடமே இருக்கிறது. மருந்து அளவுதான் காரணம் என்கிறாள். இருக்கட்டும். நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன்.

இந்தச் செல், நரம்பு விஷயத்தில் எங்காவது தப்பாக எழுதியிருப்பேன். மகளிடம் கேட்டால் மறுபடி சிரிப்பாள். விவரம் தெரிந்தவர் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.