பெரட்டில் பதில் சொல்லாத பைல்

“14.3.1988, திங்கள். பெரட்டு வைத்த பைல் பதினொன்று. பதில் சொன்னவை நான்கு. வெட்டியவை ஏழு.” தோட்ட அலுவலகத் தாளின் பின்புறம் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. அதன் கீழே வெட்டியவற்றின் பெயர்கள்; ஏழாவது பெயரின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அதை நான் போடவில்லை.

கூலிமிலிருந்து பாடாங் மேஹா போகும் வழியில் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது இளைய எழுத்தர். டைப்பிஸ்ட் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத் தானே கற்றுக்கொண்டார். அதில் அன்றாட வேலைக்கு இரண்டு புரோகிராம்கள்: கடிதம் அடிக்க ஒன்று, தொழிலாளர் பட்டியலுக்கு ஒன்று. மாத முடிவில் அக்காவை நிரந்தரமாக்குவதாக மானேஜர் துரை சொல்லியிருந்தார். பெரிய கிராணியாருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பெரிய கிராணி அக்காதான் என்ற பேச்சு எனக்கும் கசந்தது.

அன்று, டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று திரையில் வந்தது. அக்கா தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். முப்பது வருடமாகக் காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாகப் பேர் கூப்பிட்டு, பதில் வராத பெயரை வெட்டிப் பழகியவர் பெரிய கிராணியார்.

“வேல செய்யாதவனுக்கு ஏன்யா இடம்? ஒவ்வொருத்தனா கூப்பிடு.”

நான் ஒவ்வொரு பெயராக அடித்தேன். புள்ளிக்குப் பின்னால் இ.எக்ஸ்.இ என்ற மூன்று எழுத்து உள்ளவை உடனே எழுந்து வந்தன. மற்றவற்றுக்குத் ‘தவறான கட்டளை’ என்றது மெஷின்.

“வாயத் தொறக்கலயா? வெட்டு.”

ஆறு பழைய கடிதங்கள் போயின. தொழிலாளர் பட்டியல் தனி டிஸ்க்கில் இருந்ததால் தப்பியது. ஏழாவதன் வால் ஓ.வி.எல். முந்தைய வாரம்தான் அக்கா அதைக் காட்டியிருந்தார்: “இது கூப்பிட்டா வராது தம்பி. அந்த ரெண்டு புரோகிராமும் வேணுங்கிறப்ப இதுலேருந்து எடுத்துக்கும். லயத்துல ரெண்டு வீட்டுக்கும் ஒரே பைப்பு இருக்குல்ல, அது மாதிரிலா.”

எனக்கு அது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. வெட்டினேன்.

மறுநாள் துரை பட்டியல் கேட்டார். இரண்டு புரோகிராமும் திறக்கவில்லை.

“நேத்து கடைசியா தொட்டது இந்தம்மாதான் துரை,” என்றார் பெரிய கிராணியார். “படிச்ச திமிரு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு. நான் வர்றப்பவே மெஷின மூடியாச்சுதானே?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

துரை அப்போதே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர் மேசையைக் காலி செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை பினாங்கிலிருந்து மெஷின்காரர் வந்தார். அந்த ஒரு பைலைத் திரும்பப் போட அவருக்கு நான்கு நிமிடம் பிடித்தது. “இது ஒண்ணு இல்லன்னா ரெண்டும் செத்துரும். யாரு அழிச்சா?”

“அழிச்ச ஆள முந்தாநாளே வெட்டியாச்சு,” என்று பெரிய கிராணியார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிற்பாடு பெரிய கிராணியானது நான்தான். இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டரில், கூப்பிட்டால் பதில் சொல்லாத பைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றையும் அழிப்பதில்லை. அதனால் யாருக்கும் எதுவும் திரும்பி வரப்போவதில்லை.

அக்கா சுங்கை பட்டாணியில் ஏதோ தொழிற்சாலையில் இருந்ததாக ஒருவர் சொன்னார்; தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. அவர் மேசையும் என் மேசையும் ஒட்டியே இருந்தன. கேள்விக்குறி அவர் போட்டதுதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.