மைக்கில் மாமாவைச் சாகடித்த நாள்

நண்பர்களே, இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல என்று முதலிலேயே மெத்தப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன்.

நான் அந்தக் காலத்தில் பிடித்த மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. துரு, பெட்ரோல், முந்தின நாள் பேசியவன் மென்ற வெற்றிலை... மூன்றும் சேர்ந்து. அதை வாயருகே பிடித்தேன் என்றால் கச்சிராயபாளையத்தில் கிளம்புகிற குரல், கல்வராயன் மலையில் மோதி, இரண்டு தேன்கூட்டைக் கலைத்துவிட்டு, பத்திரமாக என் காதுக்கே திரும்பி வரும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிற வேலை. அரசாங்க ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரும். வாய்க்கால் தூர்வாருகிறார்கள், மாட்டை அவிழ்த்து விடாதீர்கள்... பைப் லைனுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள், பார்த்து நடங்கள்... அதே வாயால் தள்ளுபடிச் சேலை விற்பனையும் நான்தான். யாராவது செத்துப்போனால் துக்க அறிவிப்பும் நான்தான்.

சேலைக்குக் கூட்டம் வரும். சாவுக்குக் கடையடைப்பார்கள். ஆபீஸ் நோட்டீஸுக்கு மட்டும் ஒரு கோழி கூடத் திரும்பிப் பார்க்காது.

ஒரு ஐப்பசி மாதம். மலையில் மூன்று நாள் மழை. (என் கணக்குப்படி நாற்பது நாள்.) கோமுகி அணை நிரம்பிவிட்டது, இரண்டு மணிக்கெல்லாம் தண்ணீர் தரைப்பாலத்துக்கு வந்துவிடும், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று நோட்டீஸ்.

நானும் டிரைவர் சேகரும் தரைப்பாலத்துக்குப் போனபோது மணி ஒன்றரை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தபடி கரையேறினார்கள். நடு ஆற்றில், ஒரு பாறை மேல், தூண்டிலோடு ஒருவர் மட்டும் அசையவில்லை.

என் அக்கா புருஷன். முனுசாமி மாமா.

"மாமா, தண்ணி தொறக்கறாங்க. மேல வாங்க."

"போன தபாவும் இதையேதான்டா சொன்ன. முட்டிக்குக் கூட வரல. கெளுத்தி இப்பதான் கொத்திகினு இருக்குது, கத்தி அத்த ஓட்டாத."

"ஆபீஸ்ல சீல் வெச்சி குடுத்துகிறாங்க மாமா."

"அந்த சீல மீனுக்குக் காட்டு. அது வந்தா நானும் வரேன்."

இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா அந்தக் காலத்தில் ஒரு லாரி லோடு. பாறை அசைந்தது, அவர் அசையவில்லை.

மணி ஒன்றே முக்கால்.

"இன்னாடா பண்றது?" என்றான் சேகர்.

ஸ்பீக்கரை ஊர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவுக்கு மட்டும் எடுக்கிற குரலை எடுத்தேன்.

"வருந்துகிறோம்... நமதூர் மேற்குத் தெரு முனுசாமி அவர்கள், இன்று பிற்பகல் இரண்டு மணியளவில், தரைப்பாலம் அருகே நடு ஆற்றில் இயற்கை எய்துவார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் உடல் எந்த ஊரில் கரை ஒதுங்கும் என்பது பின்னர் அறிவிக்கப்படும்..."

'வருந்துகிறோம்' என்றதுமே தெரு எழுந்துவிட்டது. ஏழு ஊர் ஜனம் ஓடிவந்தது. பூக்கடைக்காரர் மாலையோடு வந்தார். எல்லோருக்கும் முன்னால் என் அக்கா, முடி அவிழ்ந்து...

"கூடப் பொறந்தவனே எந்தாலிய மைக்குல அறுத்துட்டியேடா."

"இன்னும் சாவலக்கா. பத்து நிமிசம் இருக்குது. அங்க பாரு."

அக்கா பார்த்தது. என் கன்னத்தில் ஒன்று வைத்தது. சேலையைச் செருகிக்கொண்டு நேராக ஆற்றில் இறங்கியது.

"யோவ், எழுந்து வாய்யா. ஊரே பொணத்தப் பாக்க வந்துகிது. பொணத்துக்கு இன்னாய்யா மீனு?"

மாமா தண்ணீருக்குப் பயப்படாத வீரர். ஆனால் அக்கா தண்ணீர்க் கணக்கில் சேராது. எழுந்து வந்தார்.

இரண்டு பேரும் கரையில் கால் வைத்தார்கள், தண்ணீர் வந்தது. இரண்டு பனைமர உயரம். அதில் ஒரு டவுன் பஸ் மிதந்து போனது, கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே இருந்தார். வாங்கிவந்த மாலையை வீணாக்கக் கூடாதென்று பூக்கடைக்காரர் அதை மாமா கழுத்திலேயே போட்டுவிட்டார். மாமா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் நோட்டீஸ் வாட்ஸப்பில் வருகிறது. அணை திறப்பு, பாலத்தில் வேலை, மாற்றுப் பாதை... எல்லாம் கலர் கலராக, மேப்போடு. நல்லதுதான். ஒரே நொடியில் எல்லார் கைக்கும் போய்விடுகிறது. அதற்குக் கீழேயே ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் குட்மார்னிங் சொல்லிவிடுகிறார்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தண்ணீர் திறக்கிற நோட்டீஸைப் பார்த்ததும் எனக்கு போன் போடுவார்.

"இன்னா மச்சான், இதுல யார் பேருமே இல்லியே. எவன்டா ஏறி வருவான்?"

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏழு ஊர் பொய். பஸ் பொய். பனைமரம் சுத்தப் பொய், ஒரு ஆள் உயரம் இருந்திருக்கும். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்கிற இடத்தில் என் குரல் உடைந்து அழுகை வந்ததை நடிப்பு என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த அழுகை மட்டும் நிஜம்.