சத்தம் மட்டும் வந்த சிடி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தெரு நடுவே விரித்துப் பிடித்திருந்த ஒரு பட்டுப் புடவை. சைக்கிளில் வந்த பக்கத்திலிருந்து பார்த்தபோது அது பச்சை. இறங்கி ஸ்டாண்ட் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். நீலமாக இருந்தது.

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பச்சை, குறுக்கே ஓடும் ஊடை நூல் நீலம். நெய்தவர் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். அதுவரை முதலாளிகள் கொடுத்த நூலைக் கூலிக்கு நெய்தவர். இதை மட்டும் சொந்தமாக நூல் வாங்கி, சொந்தமாக நிறம் சேர்த்து நெய்திருந்தார். சென்னையில் புடவைக் கடை வைத்திருந்த ஓர் அம்மா மாதிரி பார்க்கக் கேட்டிருந்தார். பிடித்தால் தீபாவளி ஆர்டர் முழுவதும் இவருக்கு. போட்டோ அனுப்பினோம். போட்டோவில் அது வெறும் பச்சை. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அவர் மெயிலில் கேட்டார்.

மெயில் வந்தது எனக்கு. நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஆரணியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். தெருவில் கம்ப்யூட்டர் இருந்தது என் வீட்டில்தான். 2000 பிறந்து மூன்று, நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். கேமரா ஸ்டுடியோவில் இரவல்; அதை வாங்கிக்கொண்டுதான் அன்று காலை சைக்கிளில் வந்தேன்.

புடவையின் ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை அவர் மனைவி.

“இன்னும் கொஞ்சம் திருப்புங்க அண்ணி.”

“எவ்ளோ நேரம் தம்பி இப்டியே தூக்கிகினு நிக்கிறது? நான் என்ன கொடிக்கம்பமா?”

“வாயை மூடிகினு புடி. சத்தமும் பதியுது” என்றார் அவர்.

“பதியட்டும். கடைக்கார அம்மாவும் கேக்கட்டும், இந்த ஆளு என்னை எப்டி வேலை வாங்கறாருன்னு.”

நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எடுத்தேன்.

எடுத்ததை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு சிடியில் அடங்காது. சுருக்க வேண்டும். படத்தைச் சுருக்கி எழுதவும், திரும்ப விரித்துக் காட்டவும் தேவைப்படும் மென்பொருளுக்குக் கோடெக் என்று பெயர். சாதாரண விசிடி முறையில் சுருக்கினேன். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் நிறம் மாறும் இடம் சாம்பலாகக் குழம்பியது. கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் வேறொரு கோடெக் இருந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. அவரிடம் இருந்தது பூட்டு உடைத்த பிரதி. அதைப் போட்டதும் புடவை திரையில் புடவையாகவே தெரிந்தது. நிறுவும்போது ஆங்கிலத்தில் நீளமாக ஓர் ஒப்பந்தம் வந்தது. படிக்காமல் சம்மதம் என்று அழுத்தினேன். செய்தியில் ஒரு கிராமத்தின் பெயரைச் சரிபார்க்க இரண்டு முறை போன் செய்கிறவன் நான்.

சிடி கூரியரில் போனது. ஐந்தாம் நாள் மெயில் வந்தது. சத்தம் மட்டும் வருகிறது, ஒரு பெண் கொடிக்கம்பம் என்று ஏதோ சொல்கிறார், படம் இல்லை, கறுப்பாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு முறையில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

அன்றுதான் அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். கோடெக் விண்டோஸுக்கு மட்டும். அவர் கடையில் இருந்ததோ, மெயிலில் எழுதியிருந்தபடி, விண்டோஸ் இல்லாத மேக் கம்ப்யூட்டர். அதில் ஓட வேண்டுமானால் அதற்கென்று தனி உரிமம், தனி விலை. கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். கேட்டால் என் பிரதியின் உரிம எண்ணைக் கேட்பார்கள். நடந்ததை அந்த அம்மாவுக்கே எழுதியிருக்கலாம். அதற்கு முந்தைய மாதம்தான் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் திருட்டு விசிடி பிடிபட்டதை மூன்று பத்திச் செய்தியாக எழுதியிருந்தேன். கடைக்காரர் தலை குனிந்து நின்றதையும் விடாமல் எழுதியிருந்தேன்.

சென்னைக்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரம். புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று நெய்தவரிடம் சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பாரே என்று சொல்லவில்லை.

“என்னா சார், பார்த்தாங்களா?” என்று வாசலில் வந்து கேட்டார். என்னைவிட மூத்தவர், கம்ப்யூட்டர் வந்த பிறகு என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.

“அவங்க கம்ப்யூட்டர் ரிப்பேர் அண்ணா. சரியானதும் பார்த்துட்டு சொல்வாங்க.”

“பரவால்ல. பெரிய கடை. பொறுமையா பார்க்கட்டும்.”

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வாரம் இரண்டாவது மெயில் வந்தது: படம் தெரியவில்லை என்று எழுதியும் பதில் இல்லை, வேறு ஊரில் ஆர்டர் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும். அதை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

அன்று மாலை அவர் வீட்டில் வந்தவாசி ஜவுளிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிறப் புடவை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“ஒரு தபா கண்ணுல காட்டுப்பா. நான் என்ன தின்னுடவா போறேன்?”

“இல்லீங்க. ஒருத்தருக்குக் காட்டினா, அவுங்க வேணாம்னு வாயால சொல்ற வரைக்கும் அடுத்தவங்களுக்குப் பிரிக்கறது இல்லீங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான்.”

“அவுங்க எப்போ சொல்றது, நான் எப்போ பார்க்கறது? தீபாவளி வந்துகினே இருக்குது.”

“சார் இருக்காரே, கேளுங்க” என்று என் பக்கம் திரும்பினார். “பதில் எதுனா வந்துச்சா சார்?”

பையில் காகிதம் இருந்தது. எடுத்தால், படம் தெரியவில்லை என்று அதில் ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்பார். ரிப்பேர் என்று நான் சொன்னது வெளியே வரும்.

“இன்னும் இல்ல அண்ணா.”

ஜவுளிக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “பேஜாரான ஆளுய்யா நீ” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்துச் சொன்னேன்.

“வேணாம்னுட்டாங்க அண்ணா.”

தறியிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டார். “படத்துல பார்த்துட்டா சொன்னாங்க?”

“ஆமா.”

“அப்ப நெறம் புடிக்கல” என்றார். கொஞ்ச நேரம் நூலைத் தடவிக்கொண்டிருந்தார். “உங்களுக்குத்தான் சிரமம். காலங்காத்தால வந்து எடுத்தீங்க.”

அந்த வாரம் மறுபடியும் முதலாளி நூலுக்குப் போனார்.

அந்த சிடியின் ஒரு பிரதி என்னிடம் தங்கிவிட்டது. சில வருடங்கள் கழித்து, எந்தக் கோடெக்கையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓட்டும் இலவச பிளேயர் ஒன்று வந்தது. நாளிதழ் அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவரின் மேக்கில் அதைப் போட்டுப் பார்த்தேன். அரை நிமிட வேலை. படம் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்புங்க அண்ணி என்று என் குரல் சொல்ல, துணி ஒரு முறை அசைந்து பச்சையிலிருந்து நீலத்துக்குப் போனது. பக்கத்தில் நின்று பார்த்தவர், “எங்க கிடைக்கும் இது?” என்று கேட்டார். ஆரணி என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் புடவையை நெய்தவர் அந்த வருடக் கார்த்திகையிலேயே கடைவீதியில் ஒரு கடைக்குப் போட்டுவிட்டிருந்தார். துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். கடையில் கொடுத்த சீட்டில், நிறம் என்ற இடத்தில் பச்சை என்று எழுதியிருந்தது.