நோய் வராத கன்று

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு, முந்தைய வருடம், மலாக்கா காஜா பேராங்கில் ஒரு மாட்டு டாக்டரின் ஆராய்ச்சிக் கொட்டகையில் நான் சாணி அள்ளினேன். ஒல்லியான மனிதர், சட்டையில் ஒரு கறை இருக்காது. கன்றைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்று பட்டால் அது பயந்துவிடுமாம்.

ஆறு கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டார். பிறகு காசநோய்க் கிருமியையும் அவரே ஏற்றினார். ஐந்து கன்றுகள் இருமி இருமி, எலும்பும் தோலுமாகிச் செத்தன. ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டு திரிந்தது.

"இது பொழச்சிக்கிச்சு டாக்டர். எனக்குக் கொடுத்திருங்க, நான் வளர்த்துக்கிறேன்," என்றேன்.

"பொழச்சதாலதாம்மா அறுக்கணும். உள்ள நோய் ஒளிஞ்சிருக்கான்னு வேற எப்படித் தெரியும்?"

"நல்லா திங்குது, ஓடுது. பார்த்தாலே தெரியலையா?"

"தெரியாதும்மா. வந்து பிடிச்சுக்க. உன்கிட்டதான் அது பேசாம நிக்கும்."

பிடித்துக்கொண்டேன். கத்தி இறங்கும்வரை அது என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

பிறகு நுரையீரலைத் தட்டில் வைத்து என்னிடம் காட்டினார்.

"பாரும்மா, ஒரு புள்ளி இல்ல! ஆயுசுக்கும் இதுக்கு நோய் வந்திருக்காது."

சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் துளியும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வாரம் புதுக் கன்றுகள் வந்தன. என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். போனேன்.